மலைக்கும் ஒரு குரல்: கொத்மலை வானொலி கற்பிக்கும் பாடம்

நோட்டன் பிரிட்ஜ் என்றதும் நினைவுக்கு வருவது தண்ணீர். கெசல்கமுவ ஓயாவை மறித்துக் கட்டிய அணையின் பின்னால் நீர் தேங்கி நிற்கிறது. அந்நீர் குழாய்களின் வழியே இறங்கி 1950 ஆம் ஆண்டு முதல் பழைய லக்ஷபான மின் நிலையத்தைச் சுழற்றி வருகிறது. மேலே காசல்ரீயில் தேங்கும் நீரும் 1965 முதல் விமலசுரேந்திர மின் நிலையத்தை இயக்கிவிட்டே நோட்டன் குளத்தை வந்தடைகிறது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் முன்வைத்த கனவு இந்த மலைகளில்தான் நனவாயிற்று.

ஆயினும் மின்கம்பிகள் தலைக்கு மேலே சென்ற தோட்டங்களில், பல லயங்கள் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கிலேயே காலந்தள்ளின. மலை கொடுத்தது, மலைக்குத் திரும்பி வரவில்லை. அந்நாட்களில் லயத்துக் காம்பராவில் ஒலித்த ஒரே இயந்திரம் நான்கு பற்றரியில் ஓடிய வானொலிப் பெட்டிதான்.

மின்சாரத்திற்கு நேர்ந்ததே குரலுக்கும் நேர்ந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வானொலியிலிருந்து குரல்கள் மலைக்கு வந்தன. மலையிலிருந்து குரல்கள் வானொலிக்குச் சென்றனவா? இக்கேள்வியை மனத்திற் கொண்டு, நமது மாவட்டத்திலேயே பிறந்த ஒரு வானொலியின் வரலாற்றை இவ்விதழில் படிப்போம். அது கொத்மலைச் சமூக வானொலி.

1. ஒரு தாயின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதித் தோட்டமொன்றில் மாதர் குழுவினருடன் பேசிக்கொண்டிருந்தோம். "வானொலியில் எதை விரும்பிக் கேட்பீர்கள்?" என்று கேட்டோம். பாட்டு என்றார் ஒருவர். நாடகம் என்றார் இன்னொருவர். பின்வரிசையில் இருந்த வயதான தாய் ஒருவர் மட்டும் வேறுவிதமாகப் பதில் சொன்னார்.

"மழை நாளில மண் சரியும், பத்திரமா இருங்கன்னு ரேடியோவில சொன்னாங்க சாமி. மாவட்டத்துப் பேரைத்தான் சொன்னாங்க. எங்க லயமா, அடுத்த மலை லயமான்னு சொல்லலியே. பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு நாங்க எங்கே போறது? யாரைக் கேக்கிறது?"

நம்மிடம் பதில் இருக்கவில்லை. அன்று மண் சரியவில்லை. விடிந்ததும் அவர் வழமைபோல் பிரட்டுக்குப் போனார். ஆனால் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணில் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்கள் பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்தப்படவில்லை. தகவல் ஓரிடத்தில் இருப்பது வேறு. அது உரியவரின் காதுக்கு அவரது மொழியில் எட்டி, அவர் திருப்பிக் கேள்வி கேட்டு, பதிலும் பெறுவது வேறு. ஆகவே வானொலி பற்றிய இப்பாடம் பொழுதுபோக்கைப் பற்றியது மட்டுமல்ல. உயிரைப் பற்றியதுமாகும்.

2. இலங்கையில் வானொலி வந்த கதை

தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக 1921 இல் இலங்கை வந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1923 இல் கொழும்பில் பரீட்சார்த்த ஒலிபரப்பைத் தொடங்கினார். கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்பி அமைக்கப்பட்டதாக வரலாறு கூறுகிறது. முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 ஆம் திகதி ஆரம்பமாயிற்று. ஆசியாவிலேயே மிகப் பழைமையான வானொலிகளுள் ஒன்று நம்முடையது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம், துருப்பினருக்கென ஏக்கலையில் ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பியை நிறுவியது. யுத்தம் முடிந்தபின் அது இலங்கையின் கைக்கு வந்தது. 1949 இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1950 இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கிற்று. 1967 ஜனவரி 5 ஆம் திகதி திணைக்களம் கூட்டுத்தாபனமாக மாறியது. 1972 இல் நாடு குடியரசாகியபின் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனப் பெயர் பெற்றது.

தமிழ் ஒலிபரப்பின் புகழ் கடல் கடந்து பரவியது. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலுக்குத் தமிழகத்திலும் இரசிகர்கள் இருந்தனர். 'சானா' சண்முகநாதன் வானொலி நாடகத்தை வளர்த்தெடுத்தார். 'பொங்கும் பூம்புனல்' காலைப்பொழுதின் அடையாளமாகவே ஆயிற்று. மரண அறிவித்தல் ஒலிக்கும்போது வீடே மௌனமாகும். தோட்டத்து மக்களும் இவற்றையெல்லாம் கேட்டு மகிழ்ந்தனர்; இன்றும் நன்றியோடு நினைவுகூருகின்றனர்.

ஆனால் இவை யாவும் பெரும்பாலும் கொழும்பில் உருவாகி நாடெங்கும் சென்றவை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகத் தீர்மானிக்கப்பட்டது. இவற்றைச் செய்தியாக வாசிக்கக் கேட்டவர்கள் யார்? அந்த எண்ணிக்கைக்குள் அடங்கியிருந்த மக்களே. "உங்கள் விருப்பம் என்ன?" என்று சினிமாப் பாட்டுக்காகக் கேட்ட வானொலி, வாழ்வையே புரட்டிப்போட்ட விடயத்தில் அவர்களது விருப்பத்தைக் கேட்கும் நிலையில் இருக்கவில்லை.

3. மகாவலி: வானொலி மக்களைத் தேடிப் போனது

1970 களின் இறுதியில் துரித மகாவலித் திட்டம் ஆரம்பமாயிற்று. அணைகளுக்காக ஊர்கள் நீரில் மூழ்கின. மக்கள் புதிய குடியேற்றங்களுக்குச் சென்றனர். முன்பின் அறியாத அயலவர், பழக்கமில்லாத மண், மலேரியா, காணித் தகராறு ஆகியவற்றுக்கு அவர்கள் முகங்கொடுக்க நேர்ந்தது. இவர்களுக்கு வானொலி எவ்வாறு உதவலாம் என்ற சிந்தனையில் 1981 இல் மகாவலிச் சமூக வானொலி பிறந்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நடத்தியது; யுனெஸ்கோ தொழில்நுட்ப உதவி செய்தது; டென்மார்க்கின் டனிடா நிதியுதவி வழங்கியது.

அதன் வேலைமுறை நமது கவனத்திற்குரியது. தயாரிப்பாளர் சிலர் குழுவாக ஒரு குடியேற்றத்திற்குச் செல்வர். சில நாட்கள் அங்கேயே தங்கி, மக்களோடு உண்டு உறங்குவர். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்த எடுப்பில் வெளியே காட்டமாட்டார்கள். முதலில் பேச்சு, பழக்கம், நம்பிக்கை. அதன் பின்னரே பதிவு. ஊராரின் பாட்டு, முறைப்பாடு, விவசாய அனுபவம், முதியோரின் கதை யாவும் ஒலிநாடாவில் ஏறும். பின்பு அவை தொகுக்கப்பட்டு ஒலிபரப்பாகும்.

இங்கு வானொலியின் திசையே மாறிவிட்டது. அதுவரை வானொலி பேசியது, மக்கள் கேட்டனர். இப்போது மக்கள் பேசினர், வானொலி கேட்டது. இத்தனைக்கும் இதற்கு வேண்டியிருந்தவை சில ஒலிப்பதிவுக் கருவிகளும் மக்களோடு தங்கும் மனமுமே.

4. கொத்மலை: 1989

மகாவலித் திட்டத்தின் கீழ் கிராந்துருகோட்டை, மகா இலுப்பல்லம ஆகிய இடங்களில் சிறு நிலையங்கள் ஏற்படுத்தப்பட்டன. 1989 இல் கொத்மலையிலும் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. கொத்மலை நீர்த்தேக்கம் பூர்த்தியாகிச் சில ஆண்டுகளே சென்றிருந்த காலம் அது. நீரில் மூழ்கிய கிராமத்தவரில் ஒரு பகுதியினர் தூரத்து உலர் வலயத்திற்குப் போயினர். இன்னொரு பகுதியினர் அண்மையிலுள்ள தேயிலை நிலங்களில் குடியமர்த்தப்பட்டனர். அதே நிலங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களும் அயலில் இருந்தனர். பிரிந்தவர்களையும் புதிதாக அயலவரானவர்களையும் பேசவைக்க வேண்டிய தேவை அங்கிருந்தது.

பண்பலையில் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்திற்கே அதன் ஒலி எட்டியது. இதைக் குறையென்று சொல்வோர் உண்டு. உண்மையில் அதுவே அதன் பலமாயிற்று. நாடு முழுவதற்கும் பேசும் வானொலி ஒரு பாலம் உடைந்ததைச் சொல்லாது. ஓர் ஊர்ச் சந்தையில் மரக்கறி என்ன விலை போகிறது என்றும் சொல்லாது. சிற்றூர் வானொலியால் சொல்ல முடியும். உள்ளூர்ச் செய்தி, விவசாயம், சுகாதாரம், பாடசாலைப் பிள்ளைகளின் ஆக்கங்கள், உள்ளூர்க் கலைஞரின் பாடல் என அதன் நிகழ்ச்சிகள் அமைந்தன. சம்பளம் பெறும் சிலரோடு சுற்றுவட்டார இளைஞர் யுவதிகள் தொண்டர்களாக உழைத்தனர். அறிவிப்பாளர் யாருடைய மகன், யாருடைய மகள் என்று கேட்பவருக்குத் தெரிந்திருந்தது.

இவ்விடத்தில் பண்பலையின் இயல்பை அறிந்துகொள்வது நல்லது. பண்பலை ஏறத்தாழ ஒளியைப்போல் நேர்கோட்டில் செல்லும். குறுக்கே ஒரு முகடு நின்றால் அதன் பின்னாலுள்ள பள்ளத்தாக்கு நிழலில் விழுந்துவிடும். மத்திய அலை நிலத்தையொட்டிப் பரந்து செல்வதால் மேடுபள்ளங்களை ஓரளவு தாண்டும். அதற்கோ பெரிய கோபுரமும் அதிக மின்சாரமும் செலவும் தேவை. எனவே கொத்மலைக்கு ஒன்று, நோட்டனுக்கு ஒன்று, பொகவந்தலாவைக்கு ஒன்று எனச் சின்னஞ்சிறு நிலையங்களே நமது நிலத்தின் அமைப்புக்குப் பொருந்தும்.

5. வானொலி வழியே இணையம்

கொத்மலையை உலகறியச் செய்தது 1999 இல் யுனெஸ்கோவின் துணையுடன் நடைபெற்ற முயற்சியாகும். நிலையத்தில் கணினியும் இணைய இணைப்பும் வைக்கப்பட்டன. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் கட்டணமின்றிப் பயன்படுத்த வசதி செய்யப்பட்டது. அக்காலத்தில் கிராமத்தவருக்கு இணையம் என்பது கேள்விப்பட்ட சொல்லாகக்கூட இருக்கவில்லை. தெரிந்தவருக்கும் பெரும் தடையாக நின்றது ஆங்கிலம்.

வானொலி அத்தடையை ஒரு எளிய வழியால் கடந்தது. கேட்போர் தமது கேள்விகளைக் கடிதமாகவோ தொலைபேசியிலோ அனுப்பினர். அறிவிப்பாளர் கணினியின் முன் அமர்ந்து விடை தேடினார். மருத்துவக் கேள்வியாயின் மருத்துவர் ஒருவரும், சட்டக் கேள்வியாயின் சட்டம் தெரிந்தவரும் பக்கத்தில் இருந்து, கண்டதை மக்கள் மொழியில் விளக்கினர். கணினியைத் தொடாத விவசாயியும் தன் கேள்விக்கு உலகத்தின் விடையைத் தன் வீட்டுத் திண்ணையில் இருந்தபடி பெற்றார்.

2000 களின் பிற்பகுதியில் இன்னொரு படியும் முன்னேறினர். நிலையத்திற்கு வரமுடியாதவரைத் தேடிச் செல்ல ஒரு முச்சக்கரவண்டியை ஆயத்தம் செய்தனர். மடிக்கணினி, இணைய இணைப்பு, மின் பிறப்பாக்கி, ஒலிபெருக்கி யாவும் அதில் ஏறின. பாதை செல்லும் தூரம் மட்டும் வானொலி நிலையமே மக்களிடம் சென்றது. கோடிக்கணக்கில் செலவழித்தாலன்றி எதுவும் ஆகாது என்று சொல்பவர்களுக்கு அந்த ஆட்டோவே பதில்.

6. குறைகளையும் பார்ப்போம்

ஒன்றைப் புகழ்ந்து முடிப்பது படிப்பினையாகாது. கொத்மலையில் மூன்று குறைகளை நாம் காண்கிறோம்.

முதலாவது உரிமை பற்றியது. பெயர் சமூக வானொலி. உரிமையாளரோ அரச கூட்டுத்தாபனம். கட்டுப்பாட்டாளரை நியமிப்பதும் பணத்தைத் தீர்மானிப்பதும் கொழும்பின் கையில் இருந்தன. அதனால் சந்தை விலை பேசலாம், அந்த விலைக்குக் காரணமான கொள்கையைப் பேசத் தயக்கம். நுளம்பை ஒழிப்பது பற்றிப் பேசலாம், மருந்தில்லாத ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசத் தயக்கம்.

இரண்டாவது மொழி. கொத்மலையைச் சூழத் தோட்டங்கள் உள்ளன. தமிழ் பேசும் மக்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். ஆயினும் ஒலிபரப்பு பிரதானமாகச் சிங்களத்திலேயே நடந்தது. தமிழுக்குக் கிடைத்த இடம் சிறிது. இதனை நாம் பகையுணர்வோடு கூறவில்லை. கிராமத்துச் சிங்கள விவசாயி தன் குரலைக் கேட்டு மகிழ்ந்தது நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் ஒரே மலையின் இரு சரிவுகளில் வாழ்வோருள் ஒருவருக்கு மட்டும் ஒலிவாங்கி எட்டுமாயின், அயலவர் அயலவராகவே இருப்பர்; உறவினராகமாட்டார். 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களைக் கண்ட மலைகளில், வதந்தி வானொலியைவிட வேகமாகப் பரவும் என்பதை நாம் மறந்துவிடலாகாது. இரு மொழியிலும் உண்மையைச் சொல்லும் ஓர் உள்ளூர்க் குரல் ஒரு கொலையைத் தடுக்கக்கூடும்.

மூன்றாவது நிலைபேறு. வெளிநாட்டு உதவி வரும்போது கருவிகள் வருகின்றன. உதவி முடியும்போது உற்சாகமும் குறைகிறது. மக்கள் தமது பணத்தையும் உழைப்பையும் இடாத எதுவும் மக்களுடையதாக நீடிப்பதில்லை என்பது அபிவிருத்திப் பணியில் உள்ள நாமெல்லாரும் பலமுறை பட்டறிந்த உண்மை.

7. திருச்சபையின் அனுபவம்

1931 பெப்ரவரி 12 ஆம் திகதி, மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியைப் பாப்பரசர் பதினோராம் பயஸ் திறந்து வைத்தார். 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றித் தனி ஏடு ஒன்றையே வெளியிட்டது. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி சிற்றலை வழியே நமது மலைகளுக்கும் வந்தது. 2018 இல் சிற்றலை ஒலிபரப்பு நிறுத்தப்பட்டு, அப்பணி இணையத்திற்கு மாறியது. ஆனால் நமது பாடத்திற்கு மிகப் பயன்படுவன தென்னமெரிக்காவின் இரு அனுபவங்களாகும்.

கொலம்பியாவின் சுத்தாத்தென்சா என்னும் மலைக்கிராமத்தில் 1947 இல் ஹோசே ஹோவாக்கின் சல்செதோ என்னும் இளங்குரு சிறு ஒலிபரப்பி ஒன்றை நிறுவினார். எழுத்தறியாத விவசாயிகளுக்கு வானொலி மூலம் எழுத்தும் கணக்கும் சுகாதாரமும் கற்பித்தார். அதன் இரகசியம் பெட்டியில் இருக்கவில்லை. ஒவ்வொரு வானொலியையும் சூழ ஒரு சிறு குழுவும், வழிநடத்த எழுத்தறிந்த ஓர் அயலவரும் இருந்தனர். கேட்டதைப் பேசினர், பேசியதைச் செய்தனர். அது பல இலட்சம் மக்களைச் சென்றடைந்தது. ஆயினும் வறுமைக்குக் காரணம் அறியாமை மட்டுமே என்பதுபோல் அது கற்பித்ததாகவும், நிலம் யாரிடம் இருந்தது என்ற கேள்வியைப் போதிய அளவு எழுப்பவில்லை என்றும் பின்னாளில் குறைகூறப்பட்டது. 1980 களின் இறுதியில் அந்நிலையம் விற்கப்பட்டது.

பொலிவியாவின் கதை நம்மை இன்னும் ஆழமாகத் தொடுகிறது. அங்கே வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர் 1940 களின் இறுதி முதல் தமது சங்கங்களின் பெயரில் வானொலிகளை நடத்தினர். தமது கூலியில் ஒரு பங்கை அதற்கெனக் கொடுத்தனர். 1959 இல் சிக்லோ வெய்ந்தே சுரங்கப் பகுதியில் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் 'பியோ தோசே', அதாவது பன்னிரண்டாம் பயஸ், என்ற வானொலியைத் தொடங்கினர். பொதுவுடைமைக் கொள்கையை எதிர்ப்பதே ஆரம்ப நோக்கம். அதனால் தொழிற்சங்க வானொலிக்கும் குருக்களின் வானொலிக்கும் வாய்ச்சண்டை நடந்தது. ஆனால் குருக்கள் அம்மக்களோடு வாழ்ந்தனர், அவர்களது பசியைக் கண்டனர், இருமலைக் கேட்டனர். 1960 களில் இராணுவம் தொழிலாளரைச் சுட்டு வீழ்த்தியதையும் கண்டனர். மக்களைத் திருத்த வந்தவர்கள் மக்களால் திருத்தப்பட்டனர். எதிரிகளாய் இருந்த வானொலிகள் ஒன்றாய் நின்று உண்மையை உலகுக்குச் சொல்லின. அதற்காக இராணுவத்தின் தாக்குதலையும் ஏற்றன.

மனமாற்றம் கேட்பவருக்கு மட்டும் உரியதல்ல, பேசுபவருக்கும் உரியது என்பதே இதன் பாடம். குருக்களாகிய நாம் பீடத்தில் நின்று பேசிப் பழகியவர்கள். ஒலிவாங்கியை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு மௌனமாய் உட்கார்ந்திருப்பது நமக்குக் கடினமான தவம். மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வழியோரம் இருந்த பர்த்திமேயு கூவியழைத்தபோது, பேசாதிருக்கும்படி கூட்டம் அவரை அதட்டியது. இயேசுவோ நின்றார், அவரை அழைத்தார், அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டார். குருடருக்குப் பார்வை வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. தெரிந்ததையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டார் நம் ஆண்டவர்.

8. சட்டம் என்ன சொல்கிறது?

கேட்பவருக்கு உரிமை உண்டா? உண்டு என்று நமது உயர் நீதிமன்றமே கூறியிருக்கிறது. அரச வானொலியில் நடைபெற்ற முறைசாராக் கல்வி நிகழ்ச்சித் தொடரொன்று 1995 இல் திடீரென நிறுத்தப்பட்டது. அதில் பங்குபற்றி வந்த நேயர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். 1996 இல் 'பெர்னாண்டோ எதிர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்னும் அவ்வழக்கில், பங்குபற்றும் நேயரின் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது எனத் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டு, சுயாதீனமற்ற ஓர் அதிகார சபையிடம் ஒலிபரப்பை ஒப்படைக்க முனைந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என அதே நீதிமன்றம் தீர்மானித்தது.

ஆனால் ஒலிபரப்பு உரிமம் இன்னும் 1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைச்சரின் கையிலேயே தங்கியுள்ளது. சமூக வானொலிக்கெனத் தனியான உரிம முறை அச்சட்டத்தில் இல்லை. தனியார் வானொலிகளுக்கு வழி திறந்தது. 1998 இல் சூரியனும் சக்தியும் வந்தன. அவற்றில் தமிழ் நிறையவே ஒலிக்கிறது. எனினும் விளம்பரத்தால் வாழும் வானொலி, வாங்கும் சக்தி உள்ளவரையே முதலில் நாடும் என்பது இயல்பு. இந்தியாவில் 1995 இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2006 இல் மக்கள் அமைப்புகளுக்கும் உரிமம் வழங்க வழிபிறந்தது. 2008 இல் தெலுங்கானாப் பகுதியில் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் வானொலி' ஒலிக்கத் தொடங்கியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

9. நாம் செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று ஏறக்குறைய ஒவ்வொரு லயத்திலும் ஒரு கைத்தொலைபேசி உண்டு. அதுவே ஒலிப்பதிவுக் கருவி. மாதம் ஒருமுறை 15 நிமிட 'தோட்ட ஒலி இதழ்' ஒன்றை இளைஞர் குழு தயாரிக்கலாம். அதற்கான படிகள் இவை:

முதலில் கேளுங்கள். மகாவலிக் குழுவினரைப்போல், பதிவுக் கருவி இல்லாமல் ஓரிரு நாள் மக்களோடு பேசுங்கள்.

ஒரே பிரச்சினையை எடுங்கள். குடிதண்ணீர், கொழுந்து நிறுக்கும் தராசு, பிள்ளை மடுவம், சேமலாப நிதி, மண்சரிவு என ஒரு மாதத்திற்கு ஒன்று போதும்.

எல்லாப் பக்கத்தையும் பதியுங்கள். கொழுந்தெடுக்கும் பெண், கணக்கப்பிள்ளை, குடும்ப நல உத்தியோகத்தர், கிராம சேவகர் ஆகியோரின் குரல்கள் வரட்டும். சொன்னது உண்மையா என்று விசாரித்த பின்பே சேருங்கள்.

பேசுபவரைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பேசியதால் ஒருவருக்கு வேலையில் தொல்லை நேரக்கூடுமாயின் பெயரையும் குரலையும் தவிர்த்து, செய்தியை மட்டும் சொல்லுங்கள்.

நமது கலையைச் சேருங்கள். காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அர்ச்சுனன் தபசும், தாலாட்டும் ஒப்பாரியும் நமது சொத்து. சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்திராவிட்டால் நமது நாட்டார் பாடல்களில் எத்தனையோ அழிந்திருக்கும்.

பேசியவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்பதை நீக்குங்கள்.

சேர்ந்து கேளுங்கள். தொலைபேசியில் அனுப்புவதோடு நின்றுவிடாமல், லயத்து முற்றத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டு, அரைமணி நேரமாவது கலந்து பேசுங்கள். ஓர் ஆட்டோவும் போதும்.

அயல் கிராமத்தவருக்காக ஐந்து நிமிடம் சிங்களத்திலும் செய்யுங்கள். அவர்களது குரலையும் நமது இதழில் சேருங்கள்.

மழைக்காலத்திற்கு முன் ஓர் இதழ் முழுவதையும் மண்சரிவுக்கென ஒதுக்குங்கள். எந்த லயத்திற்கு மேலே வெடிப்பு உண்டு, இரவில் யார் யாரை எழுப்புவது, எந்தப் பாதையால் எங்கே செல்வது, யாருக்கு அறிவிப்பது என்பவற்றை இடத்தின் பெயர் சொல்லியே பதியுங்கள். பின்வரிசையில் இருந்த அத்தாயின் கேள்விக்கு நாம் கொடுக்க வேண்டிய பதில் இதுவே.

இவ்விதழ்கள் நூறாகும்போது நம்மிடம் பயிற்சி பெற்றவர்களும் இருப்பர். கேட்கும் மக்களும் இருப்பர். அன்று உரிமம் கேட்டுச் செல்லும்போது நாம் வெறுங்கையோடு செல்லமாட்டோம். பொலிவியச் சுரங்கத் தொழிலாளர் தமது கூலியிலிருந்து கொடுத்ததைப்போல், மாதச் சந்தாவில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்கும்படி நமது தொழிற்சங்கங்களையும் கேட்கலாம்.

நோட்டன் அணையில் தேங்கிய நீர் தானாக ஒளியாகவில்லை. அதற்கு ஒரு வழி வெட்டப்பட்டது. நமது மக்களின் நெஞ்சில் தேங்கிக் கிடப்பவற்றுக்கும் ஒரு வழி வெட்டுவோம்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. கடந்த ஒரு மாதத்தில் வானொலியில் உங்கள் தோட்டத்தின் பெயரைக் கேட்டீர்களா? எந்தச் சந்தர்ப்பத்தில்?

2. உங்கள் லயத்திற்கு வரும் மண்சரிவு எச்சரிக்கை யார் மூலம், எந்த மொழியில், எவ்வளவு நேரத்தில் வருகிறது?

3. நமது கூட்டங்களில் யார் அதிகம் பேசுகிறார்கள்? யார் பேசுவதே இல்லை? அவர்கள் பேச நாம் என்ன செய்யலாம்?

4. முதலாவது ஒலி இதழுக்கு நீங்கள் தெரிவு செய்யும் ஒரே ஒரு பிரச்சினை எது? அதற்குப் பொறுப்பேற்கும் மூவர் யார்? எந்தத் திகதிக்குள்?